எத்தனை நகல்? சதர்ன் ப்ளாட், ரியல்-டைம் பிசிஆர், டிஜிட்டல் பிசிஆர்: ஓர் அலசல்

அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா வழியாகவோ, டிஎன்ஏ பூசிய நுண்துகள்களைச் சுடும் ஜீன் கன் வழியாகவோ செடிக்குள் புது மரபணுவை ஏற்றியாகிவிட்டது. திசு வளர்ப்பிலிருந்து நாற்றுகளும் வந்துவிட்டன. இனி ஒவ்வொன்றிலும் அந்த மரபணு எத்தனை நகல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லோரும் தேடுவது ஒற்றை நகல் செடியைத்தான். நகல் கூடினால் பலனும் கூடும் என்று தோன்றும். பல நேரம் நடப்பது நேர்மாறு. 1990இல் பெட்யூனியாவின் ஊதாவை இன்னும் அடர்த்தியாக்க நிறமி மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தினார்கள். பல செடிகள் வெள்ளைப் பூ பூத்தன. வந்த மரபணுவோடு சேர்ந்து செடியின் சொந்த மரபணுவும் அடங்கிப்போயிருந்தது. தவிர, ஓரிடத்தில் ஒரு நகல் என்றால் அடுத்த தலைமுறையில் மரபணு உள்ளவை, இல்லாதவை 3:1 என்று ஒழுங்காகப் பிரியும். தேர்வு செய்வது எளிது.

இதை அளக்க மூன்று முறைகள் போட்டியில் இருக்கின்றன. எது துல்லியம், எது மலிவு என்றுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். அதைவிட முக்கியமானது, மூன்றும் எண்ணுவது ஒரே பொருளை அல்ல என்பது. பிசிஆர் என்பது டிஎன்ஏ துண்டைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும் வினை; பிசிஆர் முறைகள் அப்படிப் பெருக்கும், சுமார் நூறு டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை எண்ணுகின்றன. சதர்ன் ப்ளாட் அந்த மரபணு போய் உட்கார்ந்த இடங்களை எண்ணுகிறது. முடிவுகள் முரண்படும்போது பெரும்பாலும் காரணம் இதுதான்.

எட்வின் சதர்ன் 1975இல் வெளியிட்ட முறையைப் பழசு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் அழகு, டிஎன்ஏவைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் துண்டிக்கும் வெட்டு நொதியை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. டி-டிஎன்ஏவுக்குள், அதாவது நாம் செலுத்திய டிஎன்ஏ துண்டுக்குள், ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெட்டும் நொதியை எடுக்கிறோம். இன்னொரு வெட்டு செடியின் சொந்த டிஎன்ஏவில் எங்கேயோ விழும். அது எவ்வளவு தள்ளி விழும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே ப்ரோப் (தேடும் வரிசையோடு மட்டும் ஒட்டும், அடையாளமிட்ட டிஎன்ஏ துண்டு) அந்த வெட்டுக்கு ஒரு பக்கமாக ஒட்டினால், ஒவ்வொரு செருகலும் தனக்கென ஒரு நீளத்தில் ஒரு பேண்ட், அதாவது ஒரு கோடு, காட்டும். இரண்டு நகல்கள் ஒரே திசையில் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டிருந்தால், சரியாக டி-டிஎன்ஏவின் நீளத்திலேயே கூடுதலாக ஒரு பேண்ட் தெரியும். பிசிஆர் இதைத் தானாகச் சொல்லாது.

சிரமமும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு செடிக்கு 10 மைக்ரோகிராம் அளவில் சுத்தமான, உடையாத டிஎன்ஏ வேண்டும். டி-0 நாற்றின் (திசு வளர்ப்பிலிருந்து நேரடியாக வந்த முதல் தலைமுறை) ஓரிரு இலையில் அது கிடைப்பதே பாடு. இரவு முழுக்க நொதியில் ஊறவைத்து, ஜெல்லில் ஓட்டி, நைலான் சவ்வுக்கு மாற்றி, ப்ரோப் ஒட்டவைத்து, கழுவி, படம் எடுப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். ப்ரோப்புக்கு அடையாளமாகக் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 பயன்படுத்தினால் அதன் அரை ஆயுள் 14 நாள்தான். கதிரியக்கப் பாதுகாப்பு ஏற்பாடுகள் வேறு. கதிரியக்கமில்லாத டிகாக்சிஜெனின் ப்ரோப் அந்தத் தொல்லையைத் தவிர்க்கும். வெட்டு அரைகுறையாக நின்றால் இல்லாத பேண்ட் தோன்றும். இரண்டு துண்டுகள் ஒரே நீளமாக அமைந்தால் இருக்கும் பேண்ட் மறையும். அதனால் ஒரே நொதியை நம்பி எண்ணிக்கை சொல்லக் கூடாது. இரண்டு நொதிகளாவது வேண்டும். கோதுமைக்காரர்களுக்குக் கஷ்டம் இன்னும் அதிகம். அதன் ஜீனோம் நெல்லைப்போல ஏறத்தாழ 40 மடங்கு பெரியது என்பதால், அதே 10 மைக்ரோகிராமில் தேடும் துண்டு 40ல் ஒரு பங்குதான் இருக்கும்.

எத்தனையாவது சுற்றில் ஒளிர்வு தெரிகிறது என்பதை வைத்து அளவைக் கணிக்கும் ரியல்-டைம் பிசிஆரில் இந்தப் பாடு இல்லை. சில நானோகிராம் டிஎன்ஏ போதும். 96 குழித் தட்டு ஒன்றை அரை நாளில் முடிக்கலாம். கூடவே, செடியில் இயல்பாகவே ஒற்றை நகலாக உள்ள ஒரு மரபணுவையும் அளக்கிறோம்: நெல்லுக்கு சுக்ரோஸ் பாஸ்பேட் சிந்தேஸ், சோயாவுக்கு லெக்டின். அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என அது ஒரு செல்லில் இரண்டு இருக்கும். டி-0 செடியில் செலுத்திய மரபணு ஒரு குரோமோசோமில் மட்டும் இருப்பதால், ஒற்றை நகலுக்கு விகிதம் 0.5 வர வேண்டும். இரண்டு நகலுக்கு 1.

கணக்கில் ஒரு பலவீனம் இருக்கிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே ஒரு முழுச் சுற்று வித்தியாசம் உண்டு, தெளிவாகத் தெரியும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே 0.4 சுற்றுதான். ஒரே மாதிரியை மூன்று குழிகளில் போட்டாலே 0.2 சுற்று ஆடுவது சாதாரணம். அப்புறம் எங்கே பிரித்துச் சொல்வது? பெருக்கத் திறன், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை சதவீதம் இரட்டிக்கிறது என்பது, குறைவது இன்னும் ஆபத்து. பருத்தி இலையில் பாலிபீனால் அதிகம். சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் அது டிஎன்ஏவைப் பெருக்கும் நொதியை மந்தமாக்கும். ஒரு மாதிரியில் இலக்கு மரபணுவின் திறன் மட்டும் 100லிருந்து 95 சதவீதத்துக்கு இறங்கினால், 25 சுற்று முடிவில் விடை ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டு நகல் செடி ஒற்றை நகல் வேடம் போட்டு நிற்கும். இலையில் அக்ரோபாக்டீரியம் மிச்சமிருந்தாலோ எண்ணிக்கை மேலே ஏறும். டி-டிஎன்ஏவுக்கு வெளியே உள்ள ஒரு பாக்டீரிய மரபணுவையும் சோதித்துவிடுவது நல்லது.

டிஜிட்டல் பிசிஆர் இந்தத் திறன் பிரச்சினையைப் பெருமளவு தாண்டிவிடுகிறது. 20 மைக்ரோலிட்டர் கலவையைச் சுமார் 20,000 துளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பிசிஆர் நடக்கிறது. துளி ஒளிர்ந்ததா இல்லையா என்று மட்டும் பார்க்கிறோம்; கொஞ்சம் தாமதமாகப் பெருகினாலும் கடைசியில் ஒளிர்ந்தால் போதும். உதாரணத்துக்கு, 20,000 துளிகளில் இலக்குக்கு 3,000, ஒப்பீட்டு மரபணுவுக்கு 5,550 ஒளிர்ந்ததாக வைத்துக்கொள்வோம். நேராக வகுத்தால் 0.54. ஆனால் சில துளிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட நகல் விழுந்திருக்கும். அதைச் சரிக்கட்டும் பாய்சான் திருத்தம் என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டால் துளிக்குச் சராசரி 0.1625, 0.325 என்று வரும், விகிதம் 0.5. ஒற்றை நகல். நான்கையும் ஐந்தையும் பிரிக்கவும், அடுத்த தலைமுறையில் ஹோமோசைகஸ் (இரு குரோமோசோமிலும் மரபணு உள்ளது) எது, ஹெமிசைகஸ் (ஒன்றில் மட்டும் உள்ளது) எது என்று பார்க்கவும் நான் இதைத்தான் கைகாட்டுவேன். விகிதம் 0.7 போல நடுவில் திரும்பத் திரும்ப நின்றால், செடியின் எல்லாச் செல்களிலும் மரபணு இல்லையோ என்று சந்தேகிக்கலாம்.

ஆனால் அடுத்தடுத்து ஒட்டிய இரண்டு நகல்கள் வெட்டப்படாமல் போனால் ஒரே துளிக்குள் சேர்ந்தே விழும்; கருவி ஒன்று என்றுதான் எண்ணும். டிஎன்ஏவை முதலில் வெட்டு நொதி கொண்டு பிரிக்க வேண்டும்; அந்த நொதி நாம் பெருக்கும் துண்டுக்குள் வெட்டவும் கூடாது. நேரத்தை மிச்சப்படுத்த இந்தப் படியைத் தாண்டினால், சந்தேகமே வராத விதத்தில் தவறான விடை கிடைக்கும்.

துண்டை எண்ணுவதற்கும் இடத்தைப் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள, களைக்கொல்லியைத் தாங்கும் ரவுண்டப் ரெடி சோயா 40-3-2ஐப் பார்க்கலாம். அது ஜீன் கன் மூலம் உருவானது. 1996இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. முழுமையான செருகல் ஒன்றே என்பது அப்போதைய முடிவு. 2000இல் தயாரித்த நிறுவனமே, செலுத்திய மரபணுவின் 250 எழுத்துத் துண்டு ஒன்றும் 72 எழுத்துத் துண்டு ஒன்றும் கூடுதலாக இருப்பதாக அரசுகளுக்குத் தெரிவித்தது. 2001இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் செருகலின் ஓரத்தில் அடையாளம் தெரியாத 534 எழுத்துகளைக் காட்டினார்கள். பிசிஆர் ப்ரைமர்கள் (பெருக்கம் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) அந்தத் துண்டுகளின் மீது விழாவிட்டால் எந்தத் துளியும் ஒளிராது. 72 எழுத்து என்பது சதர்னுக்கும் நழுவும் அளவுதான்.

அந்த இடைவெளியை நிரப்புவது முழு ஜீனோம் சீக்வென்சிங். செடி டிஎன்ஏவும் டி-டிஎன்ஏவும் சந்திக்கும் ஒவ்வொரு இணைப்பையும் எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். பயிர்களின் மூலக்கூறு விவரிப்புக்கு இதன் தரம் எப்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இலேயே தொழில்நுட்பக் குறிப்பு வெளியிட்டது. நெல்லுக்கு இது கைக்கு எட்டும் செலவு. கோதுமைக்கு இன்னும் கனமான செலவு.

சரி, நாற்றுகள் கையில் இருக்கும் மாணவர் என்ன செய்யலாம்? எல்லா நாற்றையும் முதலில் ரியல்-டைம் பிசிஆரில் ஓட்டி, இரண்டுக்கு மேல் காட்டுபவற்றைக் கழித்துவிடுங்கள். அந்த வேலைக்கு டிஜிட்டல் பிசிஆர் அநாவசியச் செலவு. மிஞ்சியதில் ஒன்றா இரண்டா என்று இழுபறியாக நிற்பவற்றுக்கு மட்டும் டிஜிட்டல். விதை எடுத்து வயல் சோதனைக்குக் கொண்டுபோகப் போகும் நாலைந்து செடிகளுக்கு இரண்டு நொதியில் சதர்ன், அல்லது சீக்வென்சிங். அதை டி-0வின் விதையிலிருந்து வரும் டி-1 தலைமுறையில் செய்தால் இலைக்கும் பஞ்சமிருக்காது, ஒரே இடத்துச் செருகல் சேர்ந்தே பிரிகிறதா என்பதும் அதே ப்ளாட்டில் தெரிந்துவிடும்.