மார்க்ஸ்புர்க்கா, எல்ட்ஸா? காரில்லாமல் ஒரு நாள் கோட்டைப் பயணம்

ஜெர்மனியின் பிராங்பர்ட்டிலிருந்து காலையில் கிளம்பி ஒரு இடைக்காலக் கோட்டையைப் பார்த்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும். கார் கிடையாது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு மார்க்ஸ்புர்க், எல்ட்ஸ் என்ற இரண்டு கோட்டைகளுக்கும் போய் வந்தேன். இன்னொரு தடவை போவதென்றால் மார்க்ஸ்புர்க்குக்குத்தான் போவேன்.

அழகில் எல்ட்ஸ்தான் முந்தும். மூன்று பக்கமும் ஓடை சுற்றிவர, பாறை முனையில் எட்டுக் கோபுரங்களோடு நிற்கிறது. எண்ணூறு வருஷத்துக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் சொத்து. யூரோவுக்கு முன்பிருந்த பழைய ஜெர்மன் 500 மார்க் நோட்டில் இந்தக் கோட்டையின் படம்தான் இருந்தது. இரண்டு இடங்களிலும் உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும். ரயில் செலவும் பிரச்சினையில்லை, நாடு முழுக்கச் சாதாரண ரயில்களில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டே இரண்டுக்கும் போதும்.

யோசிக்க வேண்டியது ரயிலை விட்டு இறங்கிய பிறகு வரும் தூரத்தைப் பற்றித்தான்.

எல்ட்ஸுக்குப் பக்கத்து ஸ்டேஷன் மோசல்கெர்ன். கோப்லென்ஸில் ரயில் மாறிப் போக வேண்டும். மோசல்கெர்னிலிருந்து கோட்டைக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் ஓடையை ஒட்டிய காட்டுப் பாதை. ஒன்றரை மணி நேரத்தில் நடக்கலாம் என்பார்கள், எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நிழலும் தண்ணீர்ச் சத்தமுமாக நல்ல நடைதான். ஆனால் கோட்டை வாசலில் உட்கார்ந்ததும் அம்மா கேட்டது, "திரும்பியும் இவ்வளவு தூரம் நடக்கணுமாப்பா?" அதன் பிறகு எனக்குக் கோபுரத்தை விட்டுக் கடிகாரத்தின் மேலேயே கண் போனது. கோட்டைக்கு வண்டி விடுகிறார்களே என்று சிலர் சொல்வார்கள். அது மேலே உள்ள கார் நிறுத்துமிடத்திலிருந்து வருவது, ரயிலில் வருகிறவர்களுக்கு உதவாது. சீசனில் சனி, ஞாயிறுகளில் பக்கத்து ஊரான ஹாட்ஸென்போர்ட்டிலிருந்து பஸ் உண்டு. நாங்கள் போனது வாரநாள் என்பதால் அதில் ஏறிப் பார்த்ததில்லை.

மார்க்ஸ்புர்க் விஷயம் வேறு. பிராங்பர்ட்டிலேயே ஏறி, ரைன் ஆற்றின் வலது கரையோடு போகும் சாதாரண ரயிலில் மாறாமல் கோட்டை அடிவாரத்து ஊரான பிரௌபாக்கில் இறங்கலாம், சுமார் இரண்டு மணி நேரம். வீஸ்பாடனில் ரயில் திசை மாறிய பிறகு, போகும் திசைக்கு இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். வழியில் கௌப் என்ற ஊர் வரும்போது ஆற்றின் நடுவே கப்பல் மாதிரி நிற்கும் பழைய சுங்கக் கோட்டையைத் தவறவிடாதீர்கள். அதைப் பார்த்ததும் அம்மா போனை எடுத்துத் தம்பிக்குப் படம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

ஸ்டேஷனிலிருந்து மரச்சட்ட வீடுகள் நிற்கும் தெருக்கள் வழியாக மேலே ஏற அரை மணி நேரம் போல ஆகும். ஏற்றம் செங்குத்துதான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் அரை மணியோடு முடிந்துவிடுகிறது, திரும்புவது முழுக்க இறக்கம். ரயிலை விட்டால்கூட அடுத்த வண்டி வரும்வரை ஆற்றங்கரையில் உட்காரலாம். நேரத்தைப் பற்றிய பயம் இல்லாததால் கோட்டையை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

பார்க்கவும் நிறைய இருக்கிறது. ரைன் கரைக் கோட்டைகள் பலவற்றை 1689-இல் பிரெஞ்சுப் படை இடித்துத் தள்ளியது. நடு ரைன் பகுதியின் மலைக்கோட்டைகளில் அழிக்கப்படாமல் தப்பியது இது ஒன்றுதான். 1945-இல் அமெரிக்கக் குண்டுகளால் சேதமாகிப் பிறகு சரிசெய்யப்பட்டது. நுழைந்ததும் குதிரைகள் ஏறிய பாறைப் படிகள், ஆற்றைப் பார்த்து நிற்கும் பீரங்கிகள், பெரிய அடுப்போடு சமையலறை, மூலிகைத் தோட்டம். அம்மா அதிக நேரம் நின்றது சமையலறையில்தான். ஒன்று மட்டும் கவனம்: அந்தப் படிகள் மேடு பள்ளமாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இங்கேயும் சிரமம்தான், நல்ல ஷூ இல்லாமல் போகாதீர்கள்.

குளிர்காலத்தில் எல்ட்ஸ் மூடியிருக்கும். மார்க்ஸ்புர்க் கிறிஸ்துமஸ் சமயம் தவிர வருஷம் முழுக்கத் திறந்திருக்கும், ஆனால் பனியில் அந்த ஏற்றத்தை நான் ஏறிப் பார்த்ததில்லை.

எல்ட்ஸைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் முந்தின நாளே கோப்லென்ஸுக்கு வந்து தங்கிவிடுங்கள். அங்கிருந்து மோசல்கெர்ன் சுமார் அரை மணி நேரம்தான், காலை வெயில் ஏறுவதற்குள் காட்டுப் பாதையில் நடக்கத் தொடங்கிவிடலாம்.