கல்லூரி வகுப்பா, விவாத அணியா, பேச்சு மன்றமா: இணங்க வைக்கும் பேச்சை எங்கே கற்பது?

கேட்பவரின் மனதை மாற்றுகிற மாதிரி பேசக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் மாணவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மதிப்பெண்ணோடு வரும் கல்லூரிப் பாடம், விவாத அணி, டோஸ்ட்மாஸ்டர்ஸ் மாதிரியான பேச்சு மன்றம். மூன்றிலும் நான் இருந்திருக்கிறேன், மூன்றிலும் உருப்படியாக ஏதாவது கிடைத்தது, ஆனால் மூன்றும் கற்றுத் தருவது ஒரே விஷயத்தை இல்லை. இது தெரியாமல் எதிலாவது சேர்ந்துவிட்டு, “இரண்டு வருடமாக மேடை ஏறுகிறேன், வீட்டில் ஒருத்தரைக்கூட சம்மதிக்க வைக்க முடியவில்லை” என்று புலம்புகிறவர்கள் நிறைய.

முதலில் பேச்சு மன்றம். டோஸ்ட்மாஸ்டர்ஸை 1924-இல் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். தயாரித்து வந்து பேசுவது பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். அந்த இடத்திலேயே தலைப்பைக் கொடுத்து எழுப்பிவிடுவார்கள், அதற்கு 1 முதல் 2 நிமிடம். நேரம் பார்க்க ஒருவர், நீங்கள் எத்தனை முறை “ஆ…”, “ம்…” என்று இழுத்தீர்கள் என்று எண்ணுவதற்கே தனியாக ஒருவர். (நான் இழுக்கவில்லை, ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு “வந்து” போட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.) மேடை பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. காரணம் எளிது, எண்ணிக்கை. கல்லூரிப் பாடத்தில் ஒரு பருவம் முழுக்க மூன்று நான்கு முறைதான் பேசுவீர்கள், மன்றத்தில் அதை இரண்டு மாதத்தில் தாண்டிவிடலாம்.

ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? உங்களைப் போலவே பேசக் கற்க வந்தவர்கள். நன்றாகப் பேசினாலும் கை தட்டுவார்கள், சொதப்பினாலும் கை தட்டுவார்கள். மதிப்பீடு செய்பவர் கையசைவைச் சொல்வார், குரலைச் சொல்வார், தொடக்கம் நன்றாக இருந்தது என்பார். “நீ சொன்னதை நான் நம்பவில்லை, ஏன் தெரியுமா?” என்று அங்கே ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

விவாத அணியில் நிலைமை நேர் எதிர், நம்பவில்லை என்று சொல்வதே அங்கே வேலை. பல்கலைக்கழக அளவில் அதிகம் நடக்கும் பிரிட்டிஷ் பாராளுமன்ற முறையில் நான்கு அணிகள், அணிக்கு இருவர், தலைப்பு கொடுத்த பிறகு 15 நிமிடத் தயாரிப்பு, பேச்சு 7 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர மற்ற நேரத்தில் எதிர்த்தரப்பு எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்கலாம். இதில் ஒரு வருடம் அடிபட்டால், ஓட்டை வாதம் எது, தாங்கும் வாதம் எது என்று கண் தானாகவே பிரித்துவிடும். ஸ்டீஃபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958-இல் விளக்கிய விஷயம் ஒன்று உண்டு: ஒரு கூற்றும் அதற்கு ஆதாரமும் மட்டும் போதாது, அந்த ஆதாரத்திலிருந்து இந்தக் கூற்றுக்கு எப்படி வந்தாய் என்ற இணைப்பும் வேண்டும். பாடப்புத்தகத்தில் படித்தபோது மண்டையில் ஏறாத இது, விவாதத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி என் இணைப்பை மட்டும் பிடித்து இழுத்து மொத்த வாதத்தையும் சரித்தபோது ஒரே நாளில் புரிந்தது.

சரி, அப்படியானால் விவாதம்தான் சிறந்ததா? இல்லை. எந்தப் பக்கம் பேசுவது என்பதையே குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறார்கள். எதிரணி உங்கள் பேச்சைக் கேட்டு மனம் மாறினாலும் மாறியதாகச் சொல்ல முடியாது, விதி அப்படி. நீங்கள் இணங்க வைப்பது நடுவரை, அவரோ எந்தப் பக்கமும் சாயக் கூடாதவர். நிஜ வாழ்க்கையில் நமக்கு எதிரே இருப்பவர் அப்படியா? அவருக்கு ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கிறது, அதில் கொஞ்சம் மானமும் சேர்ந்திருக்கிறது. அவரிடம் போய் “நீங்கள் சொன்னதில் மூன்று தவறுகள்” என்று ஆரம்பித்தால் மூன்றையும் ஒப்புக்கொள்ளாமல் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். விவாதத்திலிருந்து வரும் பலருக்கு இந்தப் பழக்கமும் மூச்சுவிடாமல் பேசும் வேகமும் ஒட்டிக்கொண்டே வரும், எனக்கும் வந்தது.

இப்போது கல்லூரிப் பாடம். இதைச் சலிப்பான பாடம் என்று நிறையப் பேர் ஒதுக்குகிறார்கள், ஓரளவு நியாயம்தான். அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றையும், அதாவது பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் ஆகியவற்றை, தேர்வுக்காக உருப்போட்டு எழுதுவதால் யாரும் பேச்சாளர் ஆகிவிடுவதில்லை. மதிப்பெண் அட்டவணையும் அப்படித்தான்: சான்றுகளின் எண்ணிக்கை, கேட்பவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசுவது, நேரக் கட்டுப்பாடு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும், கேட்டவர்களில் யாராவது மாறினார்களா என்பதற்குக் கட்டம் இருக்காது.

ஆனாலும் அந்த வகுப்பில் மற்ற இரண்டிலும் இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. விருப்பமில்லாத கூட்டம். கட்டாயப் பாடம் என்பதால் வந்து, பாதிக் கண் மூடி, அடுத்து தன் முறை வருமே என்ற கவலையில் உட்கார்ந்திருக்கும் இருபது முப்பது பேர். உங்களுக்காக வரவில்லை, கை தட்ட வேண்டிய அவசியமும் இல்லை, உங்கள் தலைப்பில் ஆளுக்கொரு கருத்து வேறு.

எங்கள் ஆசிரியர் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னும் பின்னும் துண்டுச் சீட்டில் 0 முதல் 10 வரை ஒரு எண் எழுதச் சொன்னார், அந்தக் கருத்தை எவ்வளவு ஏற்கிறோம் என்று. நான் இரத்த தானம் பற்றிப் பேசினேன். சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் வைத்திருக்க முடியும், தட்டணுக்கள் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள்தான் தாங்கும், அதனால் எப்போதும் யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆதாரத்தோடு அடுக்கினேன். சீட்டைப் பிரித்துப் பார்த்தால் முன்னால் எட்டு எழுதியவர்கள் பின்னாலும் எட்டு. எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றுக்கு ஏழு நிமிடம் தொண்டை கிழிய வாதாடியிருக்கிறேன்.

அடுத்த பேச்சுக்கு அதே தலைப்பை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். இந்த முறை பேசுவதற்கு முன் ஒரே கேள்வியோடு சீட்டு கொடுத்தேன்: நல்லது என்று தெரிந்தும் இதுவரை ஏன் கொடுக்கவில்லை? வந்த பதில்களில் பாதி ஊசி பயம், மீதி நேரமில்லை, எங்கே போவது என்று தெரியாது. ஒருவர்கூட “இரத்த தானம் தேவையில்லை” என்று எழுதவில்லை. அதற்குப் பிறகு பேச்சே மாறிவிட்டது. பயத்தை நானே முதலில் சொன்னேன், எனக்கும் இருந்தது என்று ஒப்புக்கொண்டேன், இரத்தம் எடுக்கும் நேரம் பத்து நிமிடம்தான் என்று ஒவ்வொரு படியாக விவரித்தேன், கடைசியில் வியாழக்கிழமை முகாமுக்குப் பெயர் எழுத ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டேன். ஆறேழு பெயர்கள் விழுந்தன. விவாதத்தில் கோப்பை வாங்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

இதற்கு நான் எடுத்துக்கொண்டது 1930களில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆலன் மன்றோ உருவாக்கிய வரிசை: கவனம், தேவை, தீர்வு, காட்சி (தீர்வை ஏற்றால் நிலைமை எப்படி இருக்கும் என்று கண்முன் காட்டுவது), செயல். கேட்பவர் ஒரு செயலில் இறங்க வேண்டும் என்றால் இது நன்றாக வேலை செய்கிறது. கொள்கை பற்றிய பேச்சு என்றால் பிரச்சினை, காரணம், தீர்வு என்ற பழைய அமைப்பே மேல், ஏனென்றால் மன்றோ வரிசையில் காரணத்துக்கென்று தனி இடம் இல்லை, அவசரமாகத் தீர்வுக்குத் தாவத் தோன்றும். எந்த அமைப்பாக இருந்தாலும் எதிர்க் கருத்தைச் சொல்லிவிட்டு அதற்குப் பதிலும் சொல்லிவிடுவது ஒருபக்கமாகப் பேசுவதைவிட அதிகம் எடுபடும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. பதில் சொல்லாமல் எதிர்க் கருத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நிலைமை இன்னும் மோசம், அதுவும் அதே ஆய்வுகளில்தான் இருக்கிறது.

அப்புறம் வீடியோ பார்த்துக் கற்பது. உரை எழுத உதவும், கேட்பவரின் மனதை மாற்றிப் பழக உதவாது, அவ்வளவுதான்.

எனவே என் தேர்வு கல்லூரிப் பாடம். வாய் திறக்கவே நடுங்குகிறவர் மட்டும் அதற்கு முந்தைய விடுமுறையில் இரண்டு மாதம் மன்றத்துக்குப் போய்விட்டு வரட்டும், இல்லையென்றால் இருக்கிற நான்கு வாய்ப்பும் பயத்தைச் சமாளிப்பதிலேயே கரைந்துவிடும். விவாதம் பாடத்துக்குப் பிறகு வரலாம், அல்லது சட்டம் படிக்கப் போகிறவர் முன்பே சேரலாம்.

பாடத்தை ஆன்லைனில் எடுப்பவர்கள் பதிவு செய்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். கேமரா முன்னால் தனியாகப் பேசி அனுப்பினால் போதும் என்றால் வேறு பிரிவைத் தேடுங்கள். சில கல்லூரிகளில் குறைந்தது இத்தனை பேர் எதிரில் உட்கார்ந்திருப்பது வீடியோவில் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அப்படி இருந்தால் நெருங்கிய நண்பர்களைக் கூட்டி உட்கார வைக்காதீர்கள். உங்கள் தலைப்பைக் கேட்டதும் முகம் சுளித்தவர் யாராவது இருப்பார் இல்லையா, அவரைக் கூப்பிட்டு முதல் நாற்காலியில் உட்கார வையுங்கள்.