வடசேரியிலிருந்து மலையடி வரை டவுன் பஸ்ஸில்

நாகர்கோவில் எங்கே முடிகிறது, கிராமம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க டவுன் பஸ் போதும். துபாயிலிருந்து ஊருக்கு வந்தால் எங்களுக்குக் கார்தான். கோயில், கல்யாண வீடு, ஜவுளிக்கடை என்று விடுமுறை ஓடிவிடும். இந்த முறை மைனியும் (அண்ணி) நானும் வடசேரி பஸ் நிலையத்துக்குப் போய், மலையடியில் இருக்கும் கீரிப்பாறைக்குப் போகும் வண்டியில் ஏறினோம்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டில் சம்பாதிப்பவள் இலவசமாகப் போவதா என்று ரூபாயை நீட்டினேன். "எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டு, கட்டணமில்லாச் சீட்டைக் கையில் கொடுத்தார் கண்டக்டர். அந்தச் சீட்டின் மதிப்பு சுற்றிலும் பார்த்தபோதுதான் புரிந்தது. சந்தைக்குப் போய்த் திரும்பும் அக்காமார், ஆஸ்பத்திரி சீட்டோடு ஒரு பாட்டி, வேலைக்குப் போகும் பெண்கள். முன்பெல்லாம் பஸ் காசுக்கு வீட்டில் கேட்க வேண்டும், இப்போது நினைத்தால் கிளம்பிவிடலாம் என்றார் மைனி. இதைவிடப் பெரிய வசதி எது?

புத்தேரி தாண்டியதும் வயல் வரும் என்று நினைவு. வயல் இருக்கிறது, ஆனால் நடுநடுவே வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். இறச்சகுளம், திட்டுவிளை வரைக்கும் டவுன் நம்மை விடுவதாக இல்லை. அப்புறம் தாடகை மலை கிட்டே வருகிறது. தடிக்காரன்கோணம் போனால் காற்றே வேறு. மரத்துக்கு மரம் சிரட்டை கட்டிய ரப்பர் தோட்டங்கள். கீரிப்பாறையில் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டமும் உண்டு. எங்கே இறங்குவது என்று விழித்தபோது பக்கத்து சீட்டு அம்மா, "இந்த வண்டியேதான் திரும்பி வரும் மக்கா, இதுலயே ஏறிக்கோ" என்றார்.

நாங்கள் அதைக் கேட்காமல் ஆசைக்குச் சற்று நடந்துவிட்டு, வேறொரு நிறுத்தத்தில் நின்றோம். அங்கே எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று ஒரு வரிகூட எழுதவில்லை. டீக்கடை அண்ணாச்சிக்கு எல்லா நேரமும் மனப்பாடம். கடை பூட்டியிருந்தால் யாரிடம் கேட்பது? துபாயில் பஸ் நிறுத்தத்தில் வழித்தட எண்ணும் நேரமும் போட்டிருப்பார்கள். இங்கே அவ்வளவுகூட வேண்டாம், சுவரில் பெயிண்டால் எழுதினாலே போதும். இன்னொன்று, பஸ் படி ரொம்ப உயரம். மைனிக்கு முழங்கால் வலி. இலவசப் பயணத்தை அதிகம் நம்பியிருக்கும் வயதானவர்களுக்கு அந்தப் படிதான் பெரிய கஷ்டம்.

கடல் பக்கம் போக ஆசைப்படுபவர்கள் மணக்குடிக்கு ஏறுங்கள். பழையாறு கடலில் சேரும் இடம் அது. 2004 சுனாமி அடித்துக்கொண்டு போன பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய புதுப் பாலத்தில் நின்று பார்க்கலாம். கிளம்பும் முன் திரும்பி வரும் வண்டியின் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.