மல்லேஸ்வரம் செக்கு எண்ணெய்க் கடை: சரக்கு நயம், பலகையை நம்பாதீர்கள்

பெங்களூரு மல்லேஸ்வரத்துச் சந்து ஒன்றில் இருக்கும் இந்தக் கடையின் நல்லெண்ணெய் அருமை. மூடியைத் திறந்ததுமே எள் மணக்கிறது. அடியில் மெல்லிய கசடு தங்கியிருக்கிறது. மிளகாய்ப் பொடியில் குழைக்க இதை விட்டால் வேறில்லை.

ஆனால் வாசல் பலகையில் ‘கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்’ என்று கொட்டை எழுத்தில் பெருமை! எள், கடலை, தேங்காய், எந்தத் தாவர எண்ணெயில்தான் அது இருக்கிறது? தேங்காய் எண்ணெயில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்தில் எல்.டி.எல். என்னும் ‘கெட்ட’ கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதுதான். அதைப் பற்றிப் பலகை வாயே திறக்கவில்லை.

“செக்கில் ஆட்டியது அம்மா, எவ்வளவு ஊற்றினாலும் எடை கூடாது” என்கிறார் கடைக்காரர். எதில் ஆட்டினாலும் கிராமுக்கு 9 கலோரிதான் ஐயா!

விலை சற்று அதிகம். பாத்திரம் கொண்டுபோனால் அளந்து ஊற்றுகிறார்கள்.