பிளாக்டு அக்கவுண்ட் சேவை: ஐந்துக்கு மூன்று

ஜெர்மனி மாணவர் விசாவுக்காக 11,904 யூரோவை இந்தக் கணக்கில் போட்டோம்; செலவுக்கான பணத்தைப் பூட்டி வைத்து, மாதா மாதம் கொஞ்சமாக விடுவிக்கும் கணக்கு இது. அப்பா கடன் வாங்கி அனுப்பிய பணம். கணக்கு திறப்பது சுலபம், இரண்டே நாளில் உறுதிக் கடிதம் வந்துவிட்டது.

சிக்கல் இங்கே இறங்கிய பிறகுதான். மாதம் 992 யூரோ விடுவிக்க உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். நான் போன வங்கி, நகர அலுவலகத்தில் செய்யும் முகவரிப் பதிவைக் கேட்டது. அதற்கு வீடு வேண்டும். வீட்டுக்காரர் மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். முதல் தவணை கைக்கு வர 19 நாள். வாடிக்கையாளர் சேவைக்கு நான்கு மின்னஞ்சல் போட்டேன், ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. அதுவரை சீனியர் அக்காதான் சோறு போட்டார்.

அப்புறம், வானொலிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, ரேடியோ இல்லாத வீட்டுக்கும் உண்டு. வருபவர்கள் தனியாக 1,500 யூரோவாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.