மூன்று வகுப்புகளில் சேர்ந்து பார்த்தேன்: இம்ப்ரோவ், ஸ்கெட்ச் படிக்க எங்கே சேரலாம்?

கணக்குத் தணிக்கை என் தொழில். பிறர் எழுதி வைத்ததைச் சரிபார்ப்பதிலேயே பதினேழு வருடம் போய்விட்டது. எதையாவது நானே உண்டாக்க வேண்டும் என்ற ஆசையில்தான் போன வருடம் இம்ப்ரோவ், அதாவது எழுதி வைக்காமல் மேடையிலேயே உடனுக்குடன் உண்டாக்கி ஆடும் நாடகம், கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்தேன். இதுவரை மூன்று இடங்கள். இரண்டு இம்ப்ரோவ், ஒன்று ஸ்கெட்ச் எழுத்து. ஒன்றைப் பாதியில் விட்டேன், ஒன்றை முடித்தேன், ஒன்றில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். புதிதாகச் சேர நினைக்கும் நண்பர்கள் கேட்பதெல்லாம் "எது பெரிய இடம்?" என்றுதான். அந்தக் கேள்வியை நம்பித்தான் நானும் முதலில் சேர்ந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இம்ப்ரோவும் ஸ்கெட்சும் ஒன்று என்று நினைத்துப் பலர் வருகிறார்கள், இல்லை. இம்ப்ரோவில் கையில் ஒன்றும் இருக்காது. பார்வையாளர் ஒரு சொல் கொடுப்பார், அதிலிருந்து அங்கேயே சீன் பிறக்க வேண்டும். ஸ்கெட்ச் என்பது எழுதி, திருத்தி, ஒத்திகை பார்த்து மேடையேற்றும் மூன்று நான்கு நிமிட நாடகம். இரண்டுமே வேண்டும் என்றால் இம்ப்ரோவில் தொடங்குங்கள் என்பேன். பேசிப் பேசிப் பழகிய காதுக்கு, பின்னால் எழுதும்போது எந்த வசனம் வாயில் வராது என்பது தெரிந்துவிடும்.

முதல் இடம் பெரிய இடம். சொந்த மேடை, வாரக் கடைசியில் நிகழ்ச்சி, சுவர் முழுக்க பழைய மாணவர்களின் புகைப்படங்கள். அவர்களுடைய முதன்மைக் குழுவின் நிகழ்ச்சியைப் பார்த்து அசந்துபோய், வீட்டுக்கு வந்ததும் லெவல் 1க்கு, அதாவது தொடக்க நிலை வகுப்புக்கு, பணம் கட்டினேன். நான் பார்த்த ஆறு பேரும் பல வருடம் ஒன்றாக ஆடியவர்கள் என்பதோ, அவர்களில் ஒருவர்கூட லெவல் 1 எடுப்பதில்லை என்பதோ அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பில் 18 பேர். இரண்டரை மணி நேரம். மூன்றாவது வாரம் தொழில் பழக்கத்தில் நோட்டில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். வார்ம்-அப் 25 நிமிடம், ஆசிரியர் பேசியது 50 நிமிடம். மீதி 75 நிமிடத்தில் ஒரு சீனுக்கு 3 நிமிடம், அதற்கு நோட்ஸ் (ஆசிரியர் சொல்லும் கருத்து) 2 நிமிடம் என்றால் 15 சீன். சீனுக்கு இரண்டு பேர், ஆக 30 வாய்ப்பு. அதை 18 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு தடவைகூட வராது. நான் எழுந்து நின்று நடித்தது வகுப்புக்கு ஐந்து நிமிடம். 8 வாரமும் போயிருந்தால் மொத்தம் 40 நிமிடம். நீச்சல் கற்க வந்தவரைக் கரையிலேயே உட்கார வைத்த மாதிரி.

ஆனால் நான் விட்டது அதற்காக இல்லை. நான்காவது வாரம் 'ஏணி' என்று ஒரு சொல் கொடுத்தார்கள். நான் ஏணியைத் தோளில் தூக்கி வருகிறேன். கூட ஆடிய பையன், "அக்கா, பூனை இன்னும் மேலேதான் இருக்கு" என்றான். நல்ல தொடக்கம். "நீ ஏணியைப் பிடிச்சுக்கோ" என்று நான் முதல் படியில் கால் வைக்கும்போதே ஆசிரியர் கை தட்டி நிறுத்தினார். "இதில சிரிப்பு எங்கே?" என்று கேட்டபடி மேடைக்கு வந்தார், பையனை நகரச் சொல்லிவிட்டு அவரே பூனையாக ஆடிக் காட்டினார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் திறமைசாலி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த முறை நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு இரண்டு வாரமும் தானாக எழுந்து வரவே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஆறாவது வாரத்தோடு நின்றுவிட்டேன்.

இரண்டாம் இடத்துக்குச் சொந்த மேடை கிடையாது. ஒரு நடனப் பயிற்சி அறையை மாலையில் வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். இந்த முறை பணம் கட்டும் முன் டிராப்-இன் வகுப்புக்குப் போனேன். ஒரு நாள் மட்டும் வந்து கலந்துகொள்ளும் வகுப்பு அது. நான் கவனித்தது ஒன்றே ஒன்று: சீன் தடுமாறும்போது ஆசிரியர் என்ன செய்கிறார்?

நிறுத்தவில்லை. அறையின் ஓரத்தில் நின்றபடி, ஆடுபவருக்குக் கேட்கிற மாதிரி ஒரு வரி சொன்னார், சீன் அதன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தது. இதற்கு சைடு கோச்சிங் என்று பெயர். வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்க ஆசிரியை உருவாக்கிய முறை. 1930களின் கடைசியில் சிகாகோவில், குடியேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தர அவர் விளையாட்டுகளை அமைத்தார். விளையாடும் பிள்ளையை நிறுத்திப் பாடம் நடத்தினால் விளையாட்டு செத்துவிடும். அதனால் ஓரத்திலிருந்தே குரல் கொடுப்பார். அவருடைய மகன் பால் சில்ஸ் அந்த விளையாட்டுகளை எடுத்துக்கொண்டுதான் 1955இல் காம்பஸ் என்ற நாடகக் குழுவையும் 1959இல் செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவை அரங்கையும் சிகாகோவில் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். இன்று உலகம் முழுக்க இம்ப்ரோவ் வகுப்பில் ஆடும் வார்ம்-அப் விளையாட்டுகளில் பல அந்தப் பிள்ளைகள் ஆடியவற்றின் வழியில் வந்தவை. எனக்கு இது வெறும் வரலாறாகத் தெரியவில்லை. பிள்ளைகளை ஆட வைக்கும் விளையாட்டுகளிலிருந்து வளர்ந்த கலையில், பயந்தவரை உட்கார வைக்கும் வகுப்பு எப்படிச் சரியாகும்?

சேர்ந்தேன். 11 பேர், இரண்டு மணி நேரம். நிறுத்திப் பேசுவது குறைவு என்பதால் ஆளுக்கு மூன்று தடவையாவது சீன் வந்துவிடும்.

இரண்டாவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கிடைத்த சொல் 'வீடு மாற்றம்'. நான் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கியபடி நுழைகிறேன். எதிரே அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பதற்றம். லாரி வந்துவிட்டது, சாவி காணோம், பக்கத்து வீட்டுக்காரர் கோபமாக இருக்கிறார் என்று கதையை வேகமாக அடுக்க ஆரம்பித்தேன். ஓரத்திலிருந்து மெல்லிய குரல்: "பெட்டி என்ன கனம்?" அப்போதுதான் பார்க்கிறேன், என் கைகள் எப்போதோ தொங்கிவிட்டிருந்தன. பெட்டியே இல்லை. மறுபடியும் கையை விரித்துத் தூக்கினேன். முதுகு தானாக வளைந்தது, பேச்சு நின்றது. "எங்கே வைக்கப் போறீங்க?" சுற்றிப் பார்த்தேன், வைக்க இடமில்லை. அந்தப் பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பத்து வருஷமா இதைப் பிரிக்காமலே வீடு வீடாத் தூக்கிட்டு வர்றியேம்மா. உள்ளே என்னதான் இருக்கு?" எனக்கு எங்கிருந்து வந்ததோ, "நீங்கதானேப்பா பிரிக்காதேன்னு சொன்னீங்க" என்றேன். அறையில் ஒரு பெரிய சிரிப்பு, அதன் பின்னாலேயே ஒரு அமைதி.

'யெஸ், அண்ட்' ('ஆமாம், அதோடு') என்று எல்லா இடத்திலும் சொல்லித்தருவது இதைத்தான். அவர் கொடுத்த பத்து வருடத்தை ஏற்றுக்கொண்டேன், மகளாக ஏற்றுக்கொண்டேன், மேலே ஒன்றைச் சேர்த்தேன். முதல் இடத்தில் இதைப் பலகையில் எழுதிப் போட்டு அரை மணி நேரம் விளக்கினார்கள். இங்கே என் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்துப் புரிய வைத்தார்கள்.

இதே 'யெஸ், அண்ட்'டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், குறிப்பாகப் பெண்களுக்கு. எதற்கும் தலையாட்ட வேண்டும் என்பது அதன் பொருள் இல்லை. பாத்திரங்கள் எந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை ஏற்பது வேறு, உங்கள் மேல் கை வைப்பதை ஏற்பது வேறு. முதல் இடத்தில் ஒருவர் சீன் நடுவே என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். கேட்டபோது "சீன்ல அப்படித்தான்" என்று பதில் வந்தது. இரண்டாம் இடத்தில் ஒவ்வொரு வகுப்பும் தொடங்கும் முன் வட்டமாக நின்று, எங்கே தொடலாம், எங்கே வேண்டாம் என்று ஆளாளுக்குச் சொல்வோம். இரண்டு நிமிடம்கூட ஆகாது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சீனை நிறுத்தலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நடத்தை விதி எழுத்தில் இருக்கிறதா, புகார் இருந்தால் யாரிடம் போவது என்று சேரும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடம் வேண்டாம்.

அப்புறம், ஆசிரியர் எந்த வழியில் கற்றவர் என்பது. இதைக் கேட்கலாம், கேட்டால் சந்தோஷமாகவே சொல்வார்கள். கீத் ஜான்ஸ்டோன் என்ற நாடக ஆசிரியரின் வழி என்றால் யார் உயர்வு, யார் தாழ்வு என்ற அந்தஸ்து விளையாட்டு நிறைய வரும். கனடாவின் கால்கரியில் 1977இல் அவர் தொடங்கிய தியேட்டர்ஸ்போர்ட்ஸ், குழுக்கள் மோதும் குறுஞ்சீன் போட்டி. சிகாகோவில் கற்பித்த டெல் க்ளோஸின் வழி என்றால் லாங்ஃபார்ம், அதாவது நீண்ட வடிவம்: ஹெரால்ட் என்ற வடிவத்தில் ஒரே சொல்லிலிருந்து சுமார் அரை மணி நேரம் சீன்கள் பிறந்து கடைசியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்ரைட் சிட்டிசன்ஸ் பிரிகேட் என்ற அமெரிக்க இம்ப்ரோவ் பள்ளி 'கேம்' என்பதை வலியுறுத்தும், அதாவது சீனில் முதலில் தலைகாட்டும் விநோதத்தைப் பிடித்துப் படிப்படியாக ஏற்றுவது. லாஸ் ஏஞ்சல்ஸின் கிரவுண்ட்லிங்ஸ் குழு 1974இலிருந்து பாத்திரப் படைப்புக்குப் பெயர் பெற்றது. அங்கே அடுத்த லெவலுக்குப் போவது தானாக நடப்பதில்லை, ஆசிரியர் சம்மதிக்க வேண்டும். எது உசத்தி என்ற சண்டைக்குள் போகாதீர்கள். விளையாட்டாகப் பழக வேண்டும் என்றால் குறுஞ்சீன், ஒருவரோடு ஒருவர் காது கொடுத்து ஆட ஆசை என்றால் லாங்ஃபார்ம், எழுத்தில் கண் என்றால் 'கேம்' சொல்லித்தரும் இடம். எனக்குப் பொருந்தியது லாங்ஃபார்ம்.

மூன்றாவது, ஸ்கெட்ச் எழுத்து. இணையத்தில் நடந்த வகுப்பு, 6 வாரம். இம்ப்ரோவை இணையத்தில் படிக்கச் சொல்ல மாட்டேன். குரல் அரை நொடி தாமதமாக வந்தால்கூடப் பேச்சு முட்டிக்கொள்கிறது, தூக்கி நிற்கும் பெட்டியின் கனம் தெரிவதில்லை. ஆனால் எழுத்துக்கு இணையம் தாராளமாகப் போதும்.

நான் எழுதியது ஒரு நூலகக் காட்சி. புத்தகத்தைத் திருப்பித் தர வந்தவரிடம், உண்மையிலேயே படித்தாரா என்று நூலகர் தேர்வு வைக்கிறார். ஐந்து பக்கம். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. வகுப்பில் மற்றவர்கள் பாத்திரம் பிரித்து வாசித்தார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. வாசித்து முடித்ததும் ஆசிரியை கேட்டார்: "தேர்வு எந்தப் பக்கத்தில் தொடங்குது?" மூன்றாம் பக்கத்தில். அதற்கு முன் வணக்கம், மழை, உறுப்பினர் அட்டை. "முதல் அரைப் பக்கத்துலேயே கொண்டு வாங்க. அப்புறம் ஒவ்வொரு தடவையும் தேர்வு பெரிசாகணும்" என்றார். திருத்தினேன். முதலில் வாய்மொழிக் கேள்வி, பிறகு எழுத்துத் தேர்வு, கடைசியில் வரிசையில் பின்னால் நிற்பவர்களே தேர்வு மேற்பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். மூன்று பக்கத்தில் முடிந்தது. அடுத்த வாரம் அதை மறுபடி வாசிக்கக் கேட்டபோது, முன்பு யாருமே சிரிக்காத இடத்தில் நான்கு பேர் சிரித்தார்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதனால் ஸ்கெட்ச் வகுப்புக்கு என் ஒரே அளவுகோல் இதுதான்: எழுதியதைத் திருத்திக்கொண்டு வந்தால் இரண்டாம் முறையும் வாசிக்கிறார்களா? வாரம் ஒரு புது ஸ்கெட்ச் எழுத வைத்துப் பழையதை அப்படியே விட்டுவிடும் வகுப்புகள் உண்டு. பாதிப் படிப்பு திருத்துவதில்தான் இருக்கிறது. செகண்ட் சிட்டியில்கூட நிகழ்ச்சி முடிந்த பிறகு மேடையில் இம்ப்ரோவாக ஆடிப் பார்த்து, அதில் தேறியதைத் திரும்பத் திரும்பச் செதுக்கித்தான் அடுத்த நிகழ்ச்சியின் ஸ்கெட்சுகளை உருவாக்குவார்கள்.

பெரிய குழுவின் நிகழ்ச்சியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லெவல் 1 முடித்தவர்களின் நிகழ்ச்சி பல இடங்களில் நடக்கும், அதைப் போய்ப் பாருங்கள். தடுமாற்றம் இருக்கும், இருக்கட்டும். ஒருவர் திக்கும்போது மற்றவர் ஓடி வந்து தாங்குகிறாரா, அல்லது அவரைத் தள்ளிவிட்டுத் தான் ஒரு ஜோக் அடிக்கிறாரா என்று பார்த்தால் போதும். வகுப்பில் ஆசிரியர் எப்படி நடத்துகிறாரோ, மாணவர்கள் மேடையில் ஒருவரை ஒருவர் அப்படியே நடத்துகிறார்கள். இதை இரண்டு இம்ப்ரோவ் இடத்திலும் நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இரண்டாம் இடத்தில் இப்போது லெவல் 3க்குப் பதிவு நடக்கிறது. யார் எடுக்கிறார்கள் என்று முதலில் விசாரித்தேன். ஓரத்திலிருந்து குரல் கொடுத்த அதே ஆசிரியர்தான் என்று தெரிந்த பிறகு பணம் கட்டினேன். ஏணி சீனில் என்னோடு ஆடிய பையனையும் அடுத்த வாரம் அங்கே டிராப்-இன் வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன். "வர்றேன்க்கா, ஆனா ஓரமா உட்கார்ந்து பார்க்க மட்டும்தான்" என்றிருக்கிறான்.