ரெப்ளிகா கார்க் கூடல்: தை ஓட்டமா, சித்திரைப் பட்டறையா?

காரைக்குடிப் பக்கம் ரெப்ளிகா கார் (புகழ்பெற்ற பழைய காரின் வடிவில் கட்டிய நகல் வண்டி) வைத்திருப்பவர்களில் பலருக்கு வருடத்தில் ஒரு கூடலுக்குத்தான் நேரம் கிடைக்கிறது. தை மாதம் சேர்ந்து ஓட்டலாமா, சித்திரையில் ஒரு கொட்டகையில் சேர்ந்து வேலை பார்க்கலாமா?

வானிலை
தை: மழை ஓய்ந்திருக்கும். கோப்ரா என்ற கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் காரின் ரெப்ளிகாவுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.
சித்திரை: எஞ்சின் சூடு காலடிக்கே வரும். ஓட்டம் விடிகாலையோடு சரி.

செலவு
தை: பெட்ரோல், சாப்பாடு.
சித்திரை: ரெசின் (கண்ணாடியிழையோடு சேர்ந்து இறுகும் பிசின்), உப்புத்தாள், பெயின்ட். பங்கு போட்டு வாங்கினால் கை கடிக்காது.

வண்டிக்கு நன்மை
தை: திருமயம் வரை போய்வந்தாலே பிரேக், கூலன்ட் குறைகள் தெரிந்துவிடும்.
சித்திரை: என் ஓட்டு இதற்குத்தான். கண்ணாடியிழை பாடி துருப்பிடிக்காது. அடியிலுள்ள இரும்புச் சட்டம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறிய துருவை நிதானமாகச் சுரண்டிப் பூச இதுதான் நேரம். ஒன்று, வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

ஆட்கள்
தை: பொங்கலுக்கு வெளியூர்க்காரர்கள் வந்திருப்பார்கள், கானாடுகாத்தான் வீதியே களைகட்டும்.
சித்திரை: கூட்டம் குறைவு. ஆனால் பள்ளி விடுமுறை, பிள்ளைகள் ஸ்பேனர் பிடித்துப் பழகலாம்.

எதுவானாலும் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வண்டி தயார், மற்ற ஆட்களைத்தான் இன்னும் பழக்கமில்லை என்றால் தைக்கு வாருங்கள். பாதி கட்டிய வண்டி வீட்டில் நின்றால் சித்திரைக்கு வாருங்கள்.